சின்னாயி வாடகைப் பாத்திரக் கடை

புருஷன் ரங்கன் இறந்த சேதி வந்தபோது சின்னாயி குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், குழாய் சரிந்து மேலே விழுந்து செத்துப்போனான். உடலைக் கொண்டுவர வழியில்லை என்று அங்கேயே புதைத்துவிட்டார்கள். வண்டி முதலாளி ஆள் அனுப்பிக் கொஞ்சம் பணம் கொடுத்தார். அழுவதற்குக்கூட எதிரே ஒரு முகம் இல்லாத சாவு அது. குழந்தைகளும் இல்லை.

"ஆடு வாங்கு. இல்லீனா எங்காச்சும் காடு ஒத்திக்குப் புடிக்கலாம்" என்றான் அவள் அண்ணன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சின்னாயி விடிகாலையில் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலம் ஒரு லாரியின் பின்னால் அண்டாக்களுக்கும் குண்டாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து திரும்பினாள். எல்லாம் பழைய பாத்திரம், எடைக்கு வாங்கியது. புருஷன் போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவள் குடியிருந்த கிழக்கு வளவே பேசிக்கொண்டது.

அவளுக்குப் புத்தி பிசகவில்லை. கிழக்கு வளவு ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே இருப்பவர்கள் தொட்ட பாத்திரத்தை ஊருக்குள் யாரும் தொடமாட்டார்கள். சந்தைப்பேட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த அப்புசாமி, அவர்களுக்கு ஒரு கரண்டிகூடக் கொடுத்ததில்லை. சின்னாயியின் கல்யாணத்துக்கு ரங்கனின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தக் கடை வாசலில் நின்று கேட்டார்.

அப்புசாமி கோபப்படவும் இல்லை. "உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊருக்குள்ள ஒருத்தரும் என்ற பாத்திரத்தைத் தொடமாட்டாங்கப்பா. நானும் பொழைக்கோணுமில்ல?" என்றார்.

மண்ணெண்ணெய்த் தகரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அவற்றில்தான் அன்று சோறு ஆக்கினார்கள். வாடை போகவில்லை. சம்பந்தி வீட்டார் இலையில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். சின்னாயி மணையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியாக, இந்திராவின் அவசரநிலைக்காலம் முடிந்து மறு வருஷம், சின்னாயி தன் வீட்டின் முன்னறையில் கடை வைத்தாள். வளவில் அதற்கு முன் யாரும் எந்தக் கடையும் வைத்ததில்லை. கல்யாணத்துக்கும் சீருக்கும் வாடகை வாங்கினாள். சாவு வீட்டுக்கு வாங்குவதில்லை. கேட்கக்கூட வேண்டாம், எடுத்துப் போகலாம். வாடகை தர முடியாதவர்கள் விறகு கொடுத்தார்கள். சிலர் ஒன்றும் கொடுக்கவில்லை. பாத்திரம் துலக்க, புருஷன் விட்டுப்போன ராமாயியைக் கூலிக்கு வைத்துக்கொண்டாள். ராமாயி அதற்கப்புறம் பண்ணையத்துக் காட்டு வேலைக்குப் போகவில்லை.

பக்கத்து ஊர் வளவுகளிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காவிரிப் பாலம் தாண்டிப் பவானிக்குப் போய் ஜமுக்காளம் வாங்கி வந்தாள். அப்புறம் பெட்ரோமாக்ஸ் விளக்கு. அவள் பாத்திரம் வராமல் சுற்றுவட்டாரத்து வளவுகளில் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை.

அவள்தான் எதற்கும் போகவில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் கூப்பிட்டதில்லை. தாலியறுத்தவள் கல்யாண வீட்டில் எதிரே வந்தால் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். முகூர்த்த நாட்களில் அண்டாக்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, காலியான முன்னறையில் உட்கார்ந்து தூரத்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் பாத்திரங்கள் திரும்பி வரும். அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டும்போதுதான் கல்யாணம் அவளுக்குத் தெரியவரும். இந்த வீட்டில் பாயசம் வைத்திருக்கிறார்கள், இந்த வீட்டில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது, இங்கே சோறு பற்றாமல் போய் மறுபடி உலை வைத்திருக்கிறார்கள். தெரிந்ததை ராமாயியிடம்கூடச் சொல்லமாட்டாள்.

அவளுக்கு நெருக்கம் என்று இருந்தது பாப்பாயி ஒருத்திதான். பக்கத்து வீடு. பாப்பாயியின் மகன் செல்லமுத்துவுக்கு மின்சார வாரியத்தில் வேலை கிடைத்தபோது, வளவுக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்புசாமியின் மகன் கந்தவேல் மொபெட்டில் கிழக்கு வளவுக்குள் வந்தான். காலம் மாறியிருந்தது. வளவுக்காரர்களும் பெரிய கல்யாணம் செய்கிறார்கள் என்பதை அவன் கண்டுகொண்டிருந்தான். "எல்லாம் புது எவர்சில்வருங்க. நாங்களே டெம்போவுல கொண்டாந்து எறக்கிட்டு, நாங்களே எடுத்துக்குவமுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். சின்னாயியின் வீட்டை மட்டும் தாண்டிப் போனான்.

செல்லமுத்துவின் கல்யாணத்துக்கு முதல்நாள் ஒரு டெம்போ அவள் வாசலைக் கடந்து போய்ப் பாப்பாயி வீட்டு முன் நின்றது. சின்னாயி படலின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கந்தவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவனே ஒரு பக்கம் பிடித்து அண்டாவை இறக்கினான். பாப்பாயி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பாப்பாயி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் வெற்றிலையையே மடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா, புள்ள?"

"எதுக்கு?"

"எங்கூட்டு ஆளும் அந்தக் கடை வாசல்ல நின்னுட்டுக் கைய வீசிட்டு வந்தவர்தான். இப்ப அந்தக் கடைக்காரனே நம்ம வாசல்ல கொண்டாந்து எறக்கறான். அதை என்ற கண்ணால ஒருக்காப் பாக்கோணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"எனக்கும் பாக்கோணும்னு இருந்துச்சு. பாத்தேன்" என்றாள் சின்னாயி.

பாப்பாயிக்கு அது போதவில்லை. "நீ கண்ணாலத்துக்கே வரலியே?"

"நீ கூப்பிட்டியாக்கா?"

பாப்பாயி எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகு படியில் வெற்றிலைக் காம்புகள் கிடந்தன. சின்னாயி அவற்றைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

அதற்குப் பிறகு வசதியான கல்யாணங்கள் கந்தவேலிடம் போயின. சின்னாயியின் அண்டாக்களில் தூசி ஏறியது. ராமாயி, "நான் வேணா பழையபடி களை வெட்டப் போறனுங்க்கா" என்று கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம், உக்காரு" என்றாள் சின்னாயி. இரண்டு பேரும் துலக்கிய பாத்திரங்களையே திரும்பத் துலக்கினார்கள்.

பங்குனியில் வளவு மாரியம்மனுக்குப் பொங்கல் நாள் குறித்துச் சாட்ட, கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். எவர்சில்வர் வாடகைக்கு எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்றார் ஒருவர். பாப்பாயி பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

"பாத்திரம் சின்னாயிதுதான். அவதான் அடுப்புல ஏத்தோணும்."

கூட்டம் சலசலத்தது. தாலியறுத்தவளா என்று ஒரு கிழவர் இழுத்தார்.

"நம்ம புள்ளைங்க கண்ணாலத்துக்கெல்லாம் அவ அண்டாவுலதான சோறாக்குனோம்? அந்த அண்டா ஆகும், அவ ஆகமாட்டாளா?" என்றாள் பாப்பாயி. "நானும்தான் கூப்பிடாம உட்டேன். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

எவர்சில்வர் பேச்சு அதோடு நின்றது. சின்னாயிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பொங்கலன்று சின்னாயி போனாள். இருப்பதிலேயே பெரிய அண்டாவை அவளும் ராமாயியும் தூக்கி அடுப்பில் ஏற்றினார்கள். புகை கண்ணைக் கரித்தது. பந்தியில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இரு பக்கத்திலும் பெண்கள் உட்கார்ந்தார்கள், ஆனால் அவளிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்து அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. குனிந்து சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. ராமாயிக்குக் காய்ச்சல். சின்னாயி தனியாகத் துலக்கிக்கொண்டிருந்தபோது பாப்பாயி வந்து, எதிரே குத்தவைத்து, ஒரு குண்டாவை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். வெயில் ஏறி, கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகுதான் பாப்பாயி, "நாளைக்கும் வாரேன்" என்றாள்.

"நாளைக்கு வேலையில்லக்கா."

"சும்மாதான் வாரேன்."

சின்னாயி கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சொம்பில் மோர் ஊற்றி எடுத்துவந்து, பாப்பாயியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.