ஸக்கரியாவின் ஜனாஸா

என் மகள் றமீஸாவின் புருஷன் ஸக்கரியா, பிரயாணிக் கப்பலில் சமையற்காரன். அந்தக் கப்பலைக் கொழும்புக்குப் போய் நானே பார்த்தேன். உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தை ஏற்றித் திரிந்த பழைய இரும்பு. சண்டை முடிந்ததும் வெள்ளைப் பெயின்ட் பூசி, பெயரை மாற்றி, மேல்தட்டில் பணக்காரர் குளிக்கத் தொட்டியும் கட்டிவிட்டார்கள். கீழ்த்தட்டில் எங்கள் ஆட்கள் அடுப்போடு வெந்தார்கள். சுரண்டினால் துருதான் வரும் என்று அன்றைக்கே சொன்னேன். எவன் கேட்டான்?

ஐம்பத்தாறில் அது நடுக்கடலில் தீப்பிடித்து மூழ்கியது. எங்கள் ஊர் யட்டவத்தைக் கடையில் ரேடியோ சொன்னது. பிரயாணிகள் எல்லோரும் தப்பினார்களாம். சமையற்காரரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மறுநாளே பள்ளிவாசல் தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வந்தார். ஸக்கரியாவை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

"ஸமத் நானா, மையத்து கைக்குக் கெடைக்காட்டியும் காயிப் ஜனாஸாத் தொழுகை வெக்கலாம். வெள்ளிக்கிழமை வெச்சிருவோம். மகள நாலு மாசம் பத்து நாள் இத்தாவுல உட்கார வைங்க."

"மௌத்தானத யார் கண்டது? நீங்க கண்டீங்களா?"

"கடல்ல போனவன் திரும்பி வருவானா?"

"வந்தா? உசிரோட இருக்கிறவனுக்குத் தொழுதுட்டு, அவன் பொண்டாட்டிய விதவையாக்கச் சொல்றீங்க. கதை சீக்கிரம் முடியணும் ஒங்களுக்கு. எறங்குங்க வாசல விட்டு!"

ஊர் எனக்குப் பைத்தியம் என்றது. றமீஸா பெண்சாதியுமில்லை, விதவையுமில்லை என்று வீட்டுக்குள் நடமாடினாள்.

பெருநாள் கழிந்து, எல்கடுவத் தோட்டத்து மாடசாமி எங்களைத் தேடி வந்தான். அதே கப்பலில் கோப்பை கழுவியவன். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. றமீஸா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

"தம்பி, கண்ணால கண்டீங்களா?"

"கண்டேங்க அக்கா. நான் அப்பத்தான் மேல வந்தேன். தீ பரவக் கூடாதுன்னு அதிகாரிங்க கீழ்த்தட்டு இரும்புக் கதவச் சாத்திட்டாங்க. அண்ணன் உள்ளருந்து தட்டுனாரு. இழுத்துப் பாத்தேன், கைதாங்க வெந்துச்சு. அந்தக் கதவோடதான் கப்பல் முழுகிச்சு."

"பூட்டு எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கங்க."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாப்பா, தொழச் சொல்லுங்க. நான் இத்தா இருக்கிறேன்."

வெள்ளிக்கிழமை நானும் ஸப்பு வரிசையில் நின்றேன். தொழுகைக்கு முன், அதை நடத்தும் ஹஸரத் வழமைபோலத் திரும்பிச் சொன்னார்:

"மௌத்தானவர் யாருக்காவது குறை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"அவன் ஒருத்தருக்கும் குறை செய்யல்ல, ஹஸரத்," என்றேன். "கதவப் பூட்டினவன மன்னிக்கச் சொல்லி மட்டும் என்னட்டக் கேக்காதீங்க."

"பள்ளிக்குள்ள சத்தம் போடாதீங்க, நானா," என்றார் ஹாஜியார்.

"அவன் தட்டின சத்தம் ஒருத்தனுக்கும் கேக்கல்ல. என்ட சத்தமாவது கேக்கட்டும்."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். ஹஸரத் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டினார். நானும் கட்டினேன். ஸக்கரியாவுக்காகத் தொழுதேன், ஒருவனையும் மன்னிக்கவில்லை.