துரையின் குதிகால்

மூன்றாவது தடவை விழுந்தபோது தாவூது வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுத் தட்டையும் சேர்த்துக் கவிழ்த்தான். கையிலிருந்த மட்டை மட்டும் பத்திரமாக இருந்தது. அது கடையில் வாங்கின மட்டை இல்லை, கொய்யாக் கிளையை வெட்டி, வளைந்த நுனியை மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கினது. கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சைனம்பு சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கருவாட்டைப் பொறுக்குவதா புருஷனைத் தூக்குவதா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுக் கருவாட்டையே முதலில் பொறுக்கினாள்.

"கோழி வந்துரும், அதான். நீங்க மெதுவா எந்திரிங்க மச்சான். காலு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"வெறகு வெட்டுறப்ப ஒரு நாளாச்சும் விழுந்திருக்கீங்களா? கோடாலி இந்தக் குச்சியவிட எத்தன கனம்! அதுல விழாத மனுசன் இதுல எப்படி விழுறீங்க?"

"வெறகும் இதும் ஒண்ணா புள்ளே? இதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. இடது கால்ல நின்னு திரும்பணும்."

"இருக்கிறதே ரெண்டு காலு. அதுல கெட்டுப்போன கால்லதான் நிக்கணும்னு எந்த மடையன் சொன்னான்?"

எந்த மடையனும் சொல்லவில்லை. அதுதான் சங்கதி. துரைமார் கோல்ஃப் ஆடும் கிளப்பில் பை தூக்குகிற பன்னிரண்டு பேருக்கும் யாரும் எதையும் சொல்லிக் கொடுத்தது கிடையாது. பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பார்த்ததிலும் ஒரே ஒருவரைத்தான் பார்த்தார்கள். மெக்கின்னன் துரை. ரப்பர் கம்பெனி மேனேஜர், ஐந்து வருஷமாகக் கிளப்புக் கோப்பையை வேறு யார் வீட்டு அலமாரிக்கும் விடாதவர். அவர் பந்து முன்னால் நிற்பதே தனி அழகு. மட்டையை ஓங்கும்போதே உடம்பு முழுவதும் இடது காலுக்கு வந்துவிடும். வலது குதிகால் தரையை விட்டு ஒரு விரல் அளவு தூக்கிக்கொள்ளும். அப்புறம் கீல் மேல் கதவு திரும்புகிற மாதிரி இடது காலைச் சுற்றி ஒரு திருப்பு, பந்து போய்ச் சேர்கிற இடம் கண்ணுக்கே தெரியாது. மற்ற துரைமாரெல்லாம் ஓங்கும்போது வலது காலுக்குச் சாய்ந்து, அடிக்கும்போது இடது காலுக்குத் தாவினார்கள். அவர்கள் தோற்றார்கள். அப்புறம் எவன் அவர்களைப் பார்ப்பான்?

சாயங்காலம் காஜா பெராங் சாலையில் போகிறவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற இந்த ஆம்பிளைகள் குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நிற்கிற கோழி போல வலது குதிகாலைத் தூக்கித் தூக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பார்கள். சிரித்தும் இருப்பார்கள். அந்தக் கூட்டத்திலேயே குதிகாலை மிக அழகாகத் தூக்குகிறவன் சின்னப்பா. பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட பழைய தமிழ்க் குடிகள் வாழும் சிட்டிக் கம்பத்துக்காரன். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. அவன் பேசுவது அவர்கள் வீட்டு மலாய். நாம் அதைத் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

தாவூதின் தொல்லை அவனுடைய இடது முட்டி. ஆற்று முகத்தில் தொங்காங் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கின காலத்தில், பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்ததில் போனது. நடக்கலாம், பையும் தூக்கலாம். ஆனால் மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டுத் திருப்பினால் முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடும். ஆறு வருஷமாக மெக்கின்னன் துரைக்குப் பை தூக்கியும், தாவூதால் துரையைப் போல ஓர் அடி அடிக்க முடியவில்லை.

அதனால் இதுவரை ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. பை தூக்குகிறவன் பை தூக்கினால் போதுமல்லவா? போதாது என்று புதிதாக வந்த செக்ரட்டரி துரை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டார். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பை தூக்குகிறவர்களுக்கென்று கிளப்பில் ஓர் ஆட்டம் வைப்பார்கள். இந்த வருஷம் அதில் மொத்தம் அறுபது தடவை அடிப்பதற்குள் ஒன்பது குழியிலும் பந்தைப் போட்டு முடிக்காதவன், சட்டையில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வில்லை இல்லாதவன் கிளப்பு வாசலுக்குள் கால் வைக்க முடியாது.

வில்லை போனால் செங் என்கிற ஊர்ப் பக்கம் போக வேண்டியதுதான். அங்கே ரப்பர் தோட்டத்தில் சைனம்புவின் அண்ணன் காசிம் கடை வைத்திருக்கிறார். "இந்த நொண்டிக்கா என் தங்கச்சி?" என்று தாவூதின் முட்டி உடைந்த வருஷம் ஊரைக் கூட்டிக் கேட்டவர். அவர் கடையில் அவர் நீட்டுகிற வேலையைச் செய்துகொண்டு, அவர் கொல்லையில் குடியிருக்க வேண்டும். சைனம்பு இங்கே விடிகாலையில் பிழியும் இடியாப்பத்துக்குத் தெங்கேராவிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். அதையும் மூட்டை கட்ட வேண்டும். அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருப்பதுதான் அவனை அரித்தது. ஆட்டம் மறுநாள் காலை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்று துரைமார் தங்கள் மட்டைகளைக் கொடுத்து, தங்களுக்குப் பை தூக்குகிறவனுக்குத் தாங்களே பை தூக்குவார்கள். துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு வந்து சிரிப்பார்கள். துரைமாரும் சலாம் போட்டு, "என்ன மட்டை வேண்டும் துவான்?" என்று எஜமானைக் கேட்கிற மாதிரி கேட்டு விளையாடுவார்கள். மெக்கின்னன் துரை விளையாடவில்லை. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தாவூதுக்குப் பின்னால் பேசாமல் நடந்தார்.

தாவூது இடது காலில் நின்றான். குதிகாலைத் தூக்கினான். முட்டி மடங்கியது. பந்து நாலு முழம் உருண்டது. இரண்டாம் குழியில் பந்தையே தொடவில்லை, மட்டை புல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. நான்காம் குழியில் விழுந்தேவிட்டான். துரைசானிகளில் ஒருத்தி "ஐயோ பாவம்" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். விழுந்ததைவிட அதுதான் வலித்தது. பக்கத்துப் பாதையில் வந்துகொண்டிருந்த சின்னப்பா நல்ல மனசோடு கத்தினான்.

"அலாமா, தாவூது! காக்கி கிரி லா! இடது காலு! இன்னும் அழுத்தி நில்லு!"

ஐந்தாவது குழி முடிந்தபோது முப்பத்தெட்டு அடி ஆகியிருந்தது. மிச்சம் நாலு குழி, கையில் இருபத்திரண்டு அடி. ஒரு குழிக்கு ஏழுக்கும் எட்டுக்கும் குறையாமல் அடித்து வந்தவனுக்கு இனிமேல் ஐந்து, ஆறு என்று அடித்தால்தான் வில்லை. தாவூது மனசுக்குள் காசிமின் கடையில் சாக்கு மடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆறாவது குழிக்கு ஒரு மேடு ஏற வேண்டும். பாதி ஏறியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தான். துரை பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மற்றவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். துரை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முட்டி வரைக்கும் இழுத்து விட்டிருந்த வலது காலுறையைக் கீழே உருட்டினார்.

தாவூது பார்த்தான். கெண்டைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் பாதி இல்லை. மிச்சமிருந்த சதை கண்டபடி இழுத்துத் தைத்த சாக்கு மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"ஜெர்மன் சண்டை," என்றார் துரை மலாயில். "குண்டுச் சில்லு. வெறுங்கையோட நடந்தா தெரியாது. பை தூக்கினா தாங்க மாட்டேங்குது." காலை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக்கொண்டே, "ஆறு வருஷமா நீ எப்படித்தான் தூக்குறே?" என்று கேட்டார்.

தாவூதின் பார்வை அந்தக் குதிகாலிலேயே இருந்தது. ஆண்டவனே! அந்தக் குதிகால் தரையில் அழுந்தாதது அழகுக்காக இல்லை. அழுத்தினால் வலிக்கும், அதனால் அழுந்தவில்லை. இந்த மனிதர் கெட்டுப்போன காலை விட்டுவிட்டு நல்ல காலில் நின்றிருக்கிறார். அதைப் பார்த்துப் பன்னிரண்டு முட்டாள்கள் குதிகாலைத் தூக்கியிருக்கிறார்கள், அதிலும் ஒரு பெரிய முட்டாள் நல்ல காலை விட்டுவிட்டுக் கெட்ட காலில் நின்றிருக்கிறான். சைனம்பு கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னது இதைத்தானே! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவனுக்கு.

"யார்கிட்டயும் சொல்லாதே," என்றார் துரை. குரல் இறங்கியிருந்தது. "லண்டன்ல கம்பெனிக்குத் தெரியாது. நொண்டி மேனேஜர் எதுக்குன்னு திருப்பிக் கூப்பிட்டுக்குவாங்க. அங்க போய் நான் என்ன செய்ய?"

கோப்பைக்காரர், மோட்டார்க்காரர், பங்களாக்காரர். அவருக்கும் எங்கேயோ ஒரு காசிம் இருக்கிறார் போலிருக்கிறது. தாவூதுக்கு அவர் மேல் முதல் தடவையாகப் பிரியம் வந்தது.

"சொல்ல மாட்டேன் துவான்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தானே எடுத்துத் தோளில் போட்டான். துரை தடுத்தார். "மேடு வரைக்கும்தான். அப்புறம் நீங்க," என்றான்.

ஆறாவது குழியில் தாவூது கோடாலி பிடித்து நிற்கிறவன் மாதிரி வலது காலை ஊன்றி நின்றான். எதிரே இருப்பது பந்து இல்லை, தன் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ரம்புத்தான் மரக்கட்டை என்று நினைத்துக்கொண்டான். ஓங்கினான். இடது காலைச் சும்மா இழுத்துக்கொண்டு, வலது காலைச் சுற்றித் திரும்பினான். முட்டி மடங்க அங்கே கனமே இல்லை. டக்கென்று ஒரு சத்தம். பந்து துரையின் பந்து மாதிரி பறக்கவில்லை. கொஞ்சம் உயரமாகப் போய், கொஞ்சம் முன்னாலேயே இறங்கியது. ஆனால் நேராகப் போனது. ஆறு வருஷத்தில் அவன் அடித்த எதுவும் நேராகப் போனதில்லை.

"மறுபடியும்," என்றார் துரை. அவர் கண் தாவூதின் வலது காலில் இருந்தது.

அந்தக் குழி ஐந்து அடி. அடுத்தது ஆறு. எட்டாவது ஐந்து. இதற்குள் சேதி பரவி, ஆட்டத்தை முடித்தவர்கள், அறுபதைத் தாண்டி முகம் தொங்கிப் போயிருந்த இரண்டு பேர் உட்பட, ஒன்பதாவது குழியைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். அங்கே ஐந்தாவது அடியில் பந்து குழிக்கு இரண்டு முழம் பக்கத்தில் போய் நின்றது. அடுத்த அடி அறுபதாவது. செக்ரட்டரி துரை பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். தாவூது "பிஸ்மில்லா" என்று சொல்லித் தட்டினான். பந்து குழியின் விளிம்பில் போய், விழலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை யோசித்துவிட்டு விழுந்தது. தாவூது சட்டையில் இருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சின்னப்பா வந்து அவனைத் தூக்கியே விட்டான்.

வீட்டில் சைனம்பு வில்லையைத்தான் முதலில் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது," என்றாள். அப்புறம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை.

மறுநாள் காலை இடியாப்பம் வாங்க வந்தவர்கள் ஒருவரும் இடியாப்பத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சைனம்பு எட்டிப் பார்த்தவள், இடியாப்ப உரலைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள்.

"மச்சான், இங்க வாங்களேன்! சீக்கிரம்!"

சாலையோரம் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். ஆறு பேர் கையிலும் குடை. முன்னால் சின்னப்பா. வலது காலை ஊன்றி, இடது முட்டியைப் பாதி மடக்கி, அந்தப் பாதத்தைச் சரக் சரக்கென்று மண்ணில் இழுத்தபடி சுழன்றுகொண்டிருந்தார்கள். இழுப்பதில் சின்னப்பாதான் மிக அழகு. நொண்டுவது என்றால் அப்படி ஒரு நொண்டல்.

"அட கூறுகெட்டவனுங்களா!" தாவூது இறங்கி ஓடினான். "டேய் சின்னப்பா, எனக்கு முட்டி கெட்டுப்போச்சு, அதனால இழுக்குறேன். உனக்கு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? நீ எதுக்குடா இழுக்குறே?"

சின்னப்பா ஒரு கண்ணைச் சிமிட்டினான். "சரி சரி. ரகசியத்த நீயே வச்சுக்க. நாங்க பாத்தே கத்துக்கிறோம்."

பின்னால் மோட்டார்ச் சத்தம். கம்பெனிக்குப் போகிற வழியில் மெக்கின்னன் துரையின் கார் மெதுவாக வந்து நின்றது. துரை ஜன்னல் வழியாக அந்த ஆறு பேரையும் பார்த்தார். மண்ணில் ஒரே மாதிரி இழுபடும் ஆறு நல்ல இடது கால்களையும் பார்த்தார். அப்புறம் தாவூதைப் பார்த்தார். தாவூது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். துரை தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.