பன்னிரண்டு ஓரங்கள்

தையல் மெஷினின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, குணேஸ்வரியின் வலது கையில் பல்கீஸ் கடித்த இடம் மறுபடி திறந்துகொண்டது. பழந்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தொடர்ந்தாள். வெள்ளைப் பொப்ளின் துணியில் இரத்தம் பட்டுவிடக் கூடாது.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அன்புவழிபுரத்திலுள்ள அவள் வீட்டில் ஐந்து பெண்கள் கூடுவார்கள். கிழமைக்கொருத்தி தனக்குத் தெரிந்த கைவேலையை மற்றவர்களுக்குக் காட்டவேண்டும். சுருக்குத் தையல், துண்டு இணைத்தல், நூல் உருவிப் பின்னுதல். அவர்களில் பல்கீஸ் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் புரட்டித்தான் பார்ப்பாள். ஓரம் மடித்து அடிக்காத துணியைத் திருப்பி மடியில் எறிந்துவிடுவாள்.

"இவ மாப்பிள்ளையையும் பின்பக்கம் திருப்பித்தான் பார்த்திருப்பா" என்றாள் புஸ்பராணி, நேற்று.

"பார்த்ததான். தையல் ஒண்டும் பிரிஞ்சிருக்கல்ல" என்றாள் பல்கீஸ்.

கேற்றடியில் சைக்கிளோடு காத்துநின்ற அவள் புருஷன் அபூதாஹிருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் சிரித்தபடி திரும்பியபோதுதான் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். தமிழில் பெயர் கேட்டார்கள். அவர் சொன்னார்.

முதல் வெடி வயிற்றில். இரண்டாவது தொடையில். சைக்கிள் அவர்மேல் சரிந்தது. வாசலுக்கு ஓடிய பல்கீஸை குணேஸ்வரி இடுப்பில் பிடித்து விழுத்தி, மேலே ஏறிப் படுத்துக்கொண்டாள். துவக்குக்காரன் இன்னும் கேற்றடியில் நின்றான். "புள்ள, தண்ணி" என்று வெளியே குரல் கேட்டது. பல்கீஸ் கடித்தாள், கழுத்தை நகத்தால் கிழித்தாள். குணேஸ்வரி விடவில்லை. அவள் பிடி தளர்ந்தபோது குரல் நின்றிருந்தது.

மோட்டார் சைக்கிள் எப்போது போனது? அது போன பிறகும் நான் பிடித்துக்கொண்டிருந்தேனா? இரவு முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் ஊரடங்கு இரண்டு மணித்தியாலம் தளர்ந்தது. புஸ்பராணி வேலியால் எட்டிப் பார்த்தாள். "அபூதாஹிரின்ர மையத்தை ஆஸ்பத்திரியிலயிருந்து கொண்டுவந்திட்டினம். கபனுக்கு, சுத்தி அடக்க, வெள்ளைத்துணி மூண்டு துண்டு வேணுமாம். ஒரு கடையும் திறக்கேல்லை."

கூட்டத்துக்கென்று வாங்கிய பொப்ளின் அலுமாரியில் இருந்தது. மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் ஓரம் அடித்தாள். நூல் பிரியாத நெசவுக் கரையுள்ள பக்கத்தைக்கூட விடவில்லை. பல்கீஸ் புரட்டிப் பார்க்கையில் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில், பல்கீஸின் வீட்டு வாசலில், அவள் தம்பி முனாப் வழியை மறித்து நின்றான். "இன்னும் ஆரைக் கொல்ல வந்த நீங்க?"

அவள் பொதியை நீட்டினாள். வாங்கி விரித்தவனின் முகம் கோணியது. "தச்சிருக்கு! கபனுக்குத் தையல் போடுறல்ல. மையத்தோடயும் விளையாட்டா?" துணியை அவள் முகத்தில் எறிந்தான்.

பல்கீஸ் வாசலுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. துணியை எடுத்தாள். புரட்டினாள்.

"ஆரு ஓரம் அடிக்கச் சொன்ன?"

"நீங்கள்தானே... சொல்லித்தந்தனீங்கள்."

உள்ளே யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் தண்ணி கேட்டவர்" என்றாள் பல்கீஸ்.

"ஓம்."

"கேட்டதா உங்களுக்கு?"

"கேட்டது."

பல்கீஸ் உள்ளே போனாள். கத்தரிக்கோலோடு திரும்பிவந்து, மூலையில் ஒரு வெட்டு வெட்டினாள். "முனையைப் பிடிங்க."

குணேஸ்வரி பிடித்தாள். பல்கீஸ் இழுத்த இழுப்பில் கட்டுக்குள் காயம் விண்ணென்றது. துணி வீரிட்டுக் கிழிந்தது. ஓரம் நீள நாடாவாய் குணேஸ்வரியின் கையோடு வந்தது. அடுத்த பக்கம். அடுத்தது. பன்னிரண்டு தரமும் பல்கீஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி நாடா கழன்றதும் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். முனாப் கதவைச் சாத்தினான்.

ஊரடங்குக்கு இன்னும் பத்து நிமிஷம். குணேஸ்வரி வேகமாக நடந்தாள். சந்திக் காவலரணில் நின்ற சிப்பாய் சிங்களத்தில் கத்தியபடி துவக்கை நிமிர்த்தினான். அவள் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். கடற்காற்று அடித்தது. விரல்களில் சிக்கியிருந்த வெள்ளை நாடாக்கள் முகத்திலும் கழுத்திலும் சுற்றி, கண்ணை மறைத்தன. விலக்குவதற்குக் கையைத் தாழ்த்த ஏலாது. அவள் அப்படியே நின்றாள்.