ஆபீசருக்குக் கொடுத்த மண்

யாகப்பனைப் போன்ற கெட்டிக்காரனைப் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் விளக்கு போட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டான் என்பது அவன் மனைவி லூர்தம்மாளின் அபிப்பிராயம். இரண்டு வருடமாக அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் சரளை நிலத்தில் ராகி சாண் உயரத்தோடு நின்றுவிட்டது. களிக்குக்கூடக் கடையில் மாவு வாங்குவது அவளுக்குப் பெரிய அவமானம். இந்த வருடமாவது சொந்த ராகியில் களி கிண்ட வேண்டும் என்று எட்டு மாதமாகச் சாணமும் சருகும் சுமந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, கிளறிவிட்டு, குழி நிறைய எரு மக்கவைத்திருந்தாள்.

நிலத்தில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து வரச் சொன்னார்கள் வேளாண்மை ஆபீசில், பரிசோதனைக்கு. யாகப்பன் கொண்டுபோய்க் கொடுத்தான். வந்த அட்டையில் சத்தெல்லாம் ‘அதிகம்’ என்றிருந்தது. யாகப்பத் துரைக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் பிரசவத்துக்காக லூர்தம்மாள் ஓசூர் போயிருந்த பத்து நாளில், இனி நமக்கெதற்கு என்று எருவை முழுக்கப் பக்கத்து நிலத்து மாதுவுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டான். மாதுவும் இறைத்து உழுதுவிட்டான்.

திரும்பி வந்தவள் காலிக் குழியைப் பார்த்தாள்; அவன் பெருமையாக நீட்டிய அட்டையையும் பார்த்தாள்.

“மண்ண எங்க எடுத்தீங்க?”

“எருக்குழி ஓரத்துலதான். படிச்ச ஆபீசருக்குப் போயி அந்தச் சொறி மண்ணக் குடுக்க முடியுமா? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

விருந்தாளிக்கு நல்ல கறியாகப் பொறுக்கிப் போடுவதுபோல நல்ல மண்ணாகப் பொறுக்கியிருக்கிறான்! இந்த மூளையோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவளே ஒரு மூட்டை உரம் வாங்கிப் போட்டாள். மக்கிய எரு இல்லாத சரளை எதைப் பிடித்து வைக்கும்? இரண்டு மழையில் உரம் ஓடையோடு போனது. ராகி மறுபடியும் சாண் உயரம்தான். மாதுவின் ராகியோ இடுப்பளவு வளர்ந்து கதிர் முற்றியது.

“அதெல்லாம் எங்க வூட்டு எருவுங்க!” என்று டீக்கடையில் மார்தட்டினான் யாகப்பன். மனுசனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

அறுவடை முடிந்ததும் மாது மரியாதைக்கு ஒரு மூட்டை ராகியைச் சுமந்து வந்தான்.

“அட, எதுக்கு மாது? எங்ககிட்ட இல்லாததா?” என்று மறித்தான் யாகப்பன்.

லூர்தம்மாள் அவனைத் தள்ளிவிட்டு வந்து மூட்டையைப் பிடித்தாள்.

“எறக்கி வைப்பா. எங்ககிட்ட இல்ல.”