மைக்காரன் போட்ட கனம்

மைக்காரன் தாளில் கறுப்பு மை பூசிய யானை, ஈரம் காய்ந்ததுமே மேஜையைப் பிளந்து, மாடித் தரையையும் பிளந்துகொண்டு, கீழே வீட்டுக்காரம்மாவின் அடுப்படியில் போய் விழுந்தது. காகிதம் கசங்கவில்லை. வீட்டுக்காரம்மா ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்து, "தம்பி, உங்க யானை இங்க இருக்கு" என்றார். தெருவே சேர்ந்து இழுத்தும் அந்த ஒற்றைத் தாள் அசையவில்லை. கடைசியில் அச்சகத்து ஆட்கள் கேமராவோடு வந்து, தரையில் குப்புறப் படுத்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரம்மா அதன்மேல் பாயை விரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

அதற்கு முன் அவன் சோப்பு விளம்பரங்களுக்கு நுரை வரைந்துகொண்டிருந்தான். நுரைக்கு ஏது கனம், அதனால் அவன் மைக்குக் கனம் உண்டென்ற விஷயம் வெளியே தெரியாமலே இருந்தது. பிறகுதான் இந்தப் படக்கதை கிடைத்தது. மாதாமாதம் வேலை தரும் முதல் இடம். படங்களைப் பென்சிலில் வரைந்தவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இவன் தூங்கப் போகும்போது அவளுக்கு விடியும். அவள் கோடுகள் அப்படியொரு லேசு. அவள் அனுப்பும் உறை தபால்காரர் கையில் நிற்காது, பட்டம் போல நூல் கட்டித்தான் தெருவில் இழுத்து வருவார். அந்தப் பென்சிலின்மேல் இவன் தூரிகையால் மை போடுவான். போட்டதும் மரம் மரமாகும், ஆள் ஆளாவான், எல்லாவற்றுக்கும் அதனதன் பாரம் வந்துவிடும். அச்சேறும்போது கனத்தில் பெரும்பகுதி வடிந்து, ஒரு பிரதி செங்கல் கனத்தில் நிற்கும். வாசகர்கள் பழகிக்கொண்டார்கள்.

பழகாதவர் மாமா ஒருவர்தான். "எவளோ போட்ட கோட்டு மேல இவன் கோடு இழுக்கறானாம். நாமகூடத்தான் அரிச்சுவடியில புள்ளி மேல எழுதினோம், நமக்கு யாராவது சம்பளம் குடுத்தாங்களா?" என்று அக்காவிடம், அதாவது இவன் அம்மாவிடம், வாராவாரம் வந்து சிரிப்பார். இந்த வேலை போனால் மறுநாளே தன் காப்பீட்டு அலுவலகத்தில் உட்காரவேண்டும் என்று நாற்காலி பிடித்து வைத்திருந்தார். மைக்காரனுக்குப் பாம்பைவிட அந்த நாற்காலியைக் கண்டால்தான் பயம்.

மை போட்ட பக்கங்களை அனுப்பப் போகும் பார்சல் அலுவலகத்தில் ஒவ்வொரு தடவையும் தகராறு. ஒருநாள் தராசு முள் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் முட்டி ஒடிந்தது.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"ஒரு ஆளு நின்னு யோசிச்சிட்டு இருக்கான்."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் கவலையா யோசிக்கறான்."

அந்தத் தராசு உடைந்த சேதி படக்கதை இதழின் ஆசிரியர் காதுக்குப் போனது. அவர் தொலைபேசியில் குழைந்தார். "கோட்டை மெலிசா போடுப்பா. நாலு பேரு போடற மாதிரி போடு. மேல கோடு போடறதுக்கு இவ்வளவு எதுக்கு?" மைக்காரன் ஒரு சாயங்காலம் அதையும் முயன்று பார்த்தான். அந்த மாதக் கதையின் கொலைகாரன் கத்தியோடு வாசற்படியிலிருந்து அரையடி மேலே மிதந்தான். பார்க்க சோப்பு விளம்பரம் போலிருந்தது. ஜன்னலைத் திறந்து அவனைப் போகவிட்டுவிட்டு ஆசிரியரைக் கூப்பிட்டான். "கனமா இருந்தா தூக்கறவன் நல்லா சாப்பிடணும் சார். படம் பட்டினி கெடக்கக் கூடாது." ஆசிரியர் அந்த நிமிடமே வேலையை ஸ்கேல்காரர் என்ற பெரியவரிடம் கொடுத்தார். அவர் கோடு ஆடாது, அசையாது, யாருக்கும் தொந்தரவு தராது. மாமா நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

ஸ்கேல்காரர் போட்ட இதழ் கடைக்கு வந்த காலையில், கட்டைப் பிரித்ததுமே பிரதிகள் எழும்பிப் பறந்தன. ஜனங்கள் துணி உலர்த்தும் கொம்பால் ஒன்றிரண்டைத் தட்டிப் பிடித்தார்கள். மற்றவை மேகத்துக்குள் போயின. விற்காமல் திரும்பிய பிரதி ஒன்றுகூட இல்லை என்று ஆசிரியர் மத்தியானம்வரை பெருமையாகத்தான் இருந்தார்.

அன்றைக்குப் பென்சில்காரி முதல்முறையாகத் தொலைபேசியில் வந்தாள். "என்ன மைக்காரரே, கைய கட்டிட்டு உக்காந்துட்டீங்களாமே?"

"கோட்டைக் குறைக்கச் சொல்றாங்கக்கா."

"குறைச்சீங்க, கப்பலேறி வந்து உதைப்பேன். பொறந்ததிலேருந்து நான் வரையற ஒண்ணுகூட ஒரு இடத்துல நின்னதில்ல. இங்க ஜன்னலத் திறந்து வெச்சு வேலை செஞ்சதே கிடையாது. உங்க கைக்கு வந்தப்புறம்தான் எல்லாம் தரையில நிக்குது. நீங்க வர்றவரைக்கும் பென்சிலத் தொடமாட்டேன்னு உங்க ஆசிரியர்கிட்ட சொல்லியாச்சு."

மைக்காரன் மாமாவின் அலுவலகத்துக்குப் போகவில்லை. மாமா வந்து திட்டினார், அம்மா அழுதாள், இவன் தூரிகையைக் கழுவிக் காயவைத்துக்கொண்டே இருந்தான். ஆசிரியர் மூன்று வாரம் வானத்தைப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார். இந்தத் தடவை 'ப்பா' இல்லை, சார் போட்டார்.

"முதல் பக்கத்துல அக்கா பேருக்குப் பக்கத்துல என் பேரு. அதே பெரிய எழுத்துல" என்றான் மைக்காரன்.

"போட்டுடலாம் சார்."

"மெலிசுங்கற பேச்சே இருக்கக் கூடாது."

"இல்ல சார்." ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "அடுத்த இதழ்ல என்ன வருது?"

"அக்கா சொல்லிட்டாங்க. மலை."

"குன்று மாதிரியா?"

"இல்ல சார். மலை. ரெண்டு பக்கத்துக்கு."

"சரி" என்றார் ஆசிரியர். "அச்சு மெஷினை மாடியிலேருந்து தரைத்தளத்துக்கு இறக்கச் சொல்றேன்."