துருத்தி பிடித்த கை

மேலைக்கடல் ஓயாது அலையெறியும் கொழும்பு மாநகரின் வடபுறத்தே, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வானை நோக்கிக் கழுத்து நீட்டி நிற்க, நங்கூரமிட்ட கப்பல்களின் ஊதொலி காலை வெயிலோடு கலந்து வர, பேராலயத்தின் பெருங்குவிமாடம் கூரைகளுக்கெல்லாம் மேலே தலைதூக்கிப் பார்க்க, கோயில் மணியும் பள்ளிவாசல் அழைப்பும் ஒன்றையொன்று முந்தாமல் முறைவைத்து ஒலிக்க, ஒரு வீட்டுத் தாளிப்பு மணம் அடுத்த வீட்டு அடுக்களையில் போய் விழும்படி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கொட்டாஞ்சேனை என்னும் பகுதியை, கற்றறிந்த அன்பரே, நீர் அறிந்திருக்கக்கூடும். போர் உச்சத்தில் இருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு மே திங்களில் அதை நீர் கண்டிருந்தால், தெருமுனைதோறும் அடுக்கிய மணல்மூட்டைகளையும், அவற்றின் பின்னே துவக்கேந்தி நின்ற இளங்காவலரையும், அவர்களைக் கடக்குமுன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் தமிழரையுமே முதலில் கண்டிருப்பீர். அந்நாளில் பூட்டிய வீட்டின் திறப்பை மறந்து வெளியே போனவர் உண்டு. அடையாள அட்டையை மறந்து போனவர் இல்லை.

அப்பகுதியின் ஒடுங்கிய தெருவொன்றில் ஒஸ்வால்ட் என்பவனும் அவன் மனைவி இமெல்டாவும் வாழ்ந்து வந்தனர். அவன் யாழ்ப்பாணத்துக் குருநகரிற் பிறந்து, துறைமுகத்தில் பதினான்கு ஆண்டு எழுத்தராய் இருந்தவன். அவளோ கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து, சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசி வளர்ந்தவள். மாதா கோயிற் பாடகர் குழுவில் அவள் பாட, அவன் ஆர்மோனியம் இசைக்க, அந்த இசையின் வழியாகவே இருவரும் ஒருவரையொருவர் விரும்பி மணந்தனர். ஆர்மோனியம் என்ற பெயரைத் தூய தமிழ் எழுத முனைந்த என் எழுதுகோல் விரும்பவில்லைதான். ஆயினும் அந்தத் தம்பதியர் அதை வேறு பெயரால் அழைத்ததில்லை, அவர்களை விட நான் பெரியவனும் அல்லேன்.

அவ்வாண்டு தை மாதத்தில் படையினர் தெருவை மறித்து நடத்திய சுற்றிவளைப்பில், அட்டையில் இருந்த பிறந்த ஊரைக் கண்டு ஒஸ்வால்டை ஏற்றிச் சென்றனர். மூன்று திங்கள் ஒரு தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, இடக்கை மணிக்கட்டு கோணிப் பொருந்திய நிலையில், வாய்பேசாதவனாக அவன் திரும்பி வந்தான். மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துக் குறையேதும் இல்லை என்றார். உறக்கத்தில் அவன் முனகுவான். விழித்திருக்கையிலோ ஒரு சொல்லும் எழாது. வெள்ளிக்கிழமைதோறும் காவல் அலுவலகத்தில் நேரில் நின்று, கேட்பதற்கு விடை கூறிக் கையெழுத்திட வேண்டும் என்பதே அவனை விடுவித்ததன் கட்டளை. மூன்று வெள்ளிக்கிழமைகள் அவன் அலுவலர் முன் வியர்த்து, வாய் திறந்து, ஒலியின்றி நின்றான்.

மூன்றாம் வெள்ளியன்று அலுவலர், பிணை நின்ற இமெல்டாவிடம் சிங்களத்தில் கூறினார்: “பேசாதவன் எதையோ மறைக்கிறான். அடுத்த கிழமையும் வாய் திறக்காவிட்டால் இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவேன்.” அவர் உரக்கப் பேசவில்லை. அதுவே அவளை அதிகம் அச்சுறுத்தியது.

அன்று தொட்டு இமெல்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் ஊர்தி நின்றால் நெஞ்சு நின்றது. ஊர்தி நகர்ந்தால் நெஞ்சும் நகர்ந்தது. கணவனைப் பேச வைக்க அவள் கெஞ்சினாள், அதட்டினாள், குழந்தைக்குச் சொல்வதுபோல் அவன் பெயரையே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கேட்கக் கேட்க அவன் தோள்கள் ஒடுங்கினவேயன்றிச் சொல் பிறக்கவில்லை. கேள்வி என்ற ஒன்றுக்கே அவன் தொண்டை கதவடைக்கப் பழகிவிட்டது என்பதை அவள் அப்போது அறியாள்; அறியாமல் தானும் அவனைக் கேள்விகளால் வதைத்தாள்.

மே மாதம் மாதாவுக்குரியது. ஆகவே மாலைதோறும் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் அயலார் கூடிச் செபமாலை சொல்வது அத்தெருவின் வழக்கம். செவ்வாய்க்கிழமை அந்த முறை இமெல்டாவின் வீட்டுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் தெரு என்ன நினைக்குமோ என்றஞ்சி விளக்கேற்றினாள். செபமாலை முடிந்து மன்றாட்டுமாலை தொடங்கிற்று. ஒருவர் மாதாவின் பெயரொன்றை மெட்டோடு இசைக்க, எல்லாரும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று அதே மெட்டில் மறுமொழி தருவது அதன் முறை. பத்தாவதோ பதினோராவதோ மறுமொழியின்போது, பெண்களின் குரலுக்குக் கீழே தடித்த ஆண்குரல் ஒன்று உள்ளறையிலிருந்து வந்து சேர்ந்தது.

தையல் வேலை செய்யும் அயல்வீட்டு றோஸி திரும்பிப் பார்த்தாள். “இமெல்டா, உள்ளுக்க ஆர் பாடுறது?”

இமெல்டா அடுத்த பெயரை இசைத்தாள். நிறுத்தினால் அக்குரலும் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில், மன்றாட்டு முடிந்ததும் அதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அவளுக்காக இரண்டாம் முறையும் பாடினர்.

அவர்கள் சென்றபின் அவள் ஆர்மோனியத்தின் மேலிருந்த துணியை நீக்கினாள். துருத்தியை இயக்கும் இடக்கை ஒஸ்வால்டுக்கு இனி உதவாது. எனவே அவள் பெட்டியின் பின்னால் அமர்ந்து துருத்தியை அசைக்க, அவன் முன்னால் அமர்ந்து வலக்கையால் கட்டைகளைத் தொட்டான். காற்று அவளுடையது, விரல் அவனுடையது. மன்றாட்டின் மெட்டை அவன் வாசிக்க, மாதாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் அவன் பெயரை வைத்து மெல்லப் பாடிக் காட்டினாள். அவன் மெட்டை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். பிறகு, “ஒஸ்வால்ட்” என்று மெட்டிலே பாடினான். அவளும் பழக்கத்தில் மறுமொழியைப் பாடினாள். அடுத்ததாகத் தந்தையின் பெயர் வந்தது.

புதன்கிழமை முழுவதும் இந்த வேலைதான். பெயர், தந்தை, பிறந்த ஊர், குடியிருக்கும் தெரு, தொழில் ஆகிய ஐந்து விடைகளையும், அலுவலருக்குரிய சிங்களத்திலேயே, தமிழ் மன்றாட்டின் மெட்டில் ஏற்றினார்கள். கேட்டவர் சிரித்திருப்பர், அவர்கள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் இமெல்டா துருத்தியை விரைந்து விரைந்து அடித்தாள், ஒலி பிளிறியது, அவன் தடுமாறினான், மறுபடி, மறுபடி என்று அவள் குரல் உயர்ந்தது. அப்போது அவன் தன் கோணிய இடக்கையைத் தூக்கி, துருத்திமேல் இருந்த அவள் கையின் மீது வைத்து, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அழுத்தினான். வீடு திரும்பிய நாளிலிருந்து அவன் அவளைத் தானாகத் தொட்டது அதுவே முதன்முறை. அவளுடைய மூச்சும் அந்தக் கைக்குக் கீழே அடங்கி வந்தது. அன்றுதான் அவளும் நோயுற்றிருந்தாள் என்பது அவளுக்கே தெரிந்தது.

ஆயினும் வியாழக்கிழமை ஒரு குறை வெளிப்பட்டது. ஒவ்வொரு விடைக்கும் பின்னே அவள் தரும் மறுமொழியைப் பற்றிக்கொண்டுதான் அவன் அடுத்த விடைக்குத் தாவினான்; அவள் வாளாவிருந்தால் அவன் முதல் விடையோடு நின்றுபோனான். அலுவலர் முன்னே அவள் எப்படிப் பாட முடியும்?

“என்னப்பா, நாளைக்கு நான் மனசுக்குள்ளதான் சொல்லுவன். நான் சொல்லுறன் எண்டு நினைச்சுக்கொண்டு நீங்கள் அடுத்ததைச் சொல்லுங்கோ” என்றாள். அவன் தலையசைத்தான். இருவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை காவல் அலுவலகத்தில் மின்விசிறி சுழன்றது. அலுவலரின் மேசையில் பேரேடு விரிந்து கிடந்தது. பிணை நின்றவள் என்பதால் இமெல்டாவைச் சுவரோரம் நிற்க விட்டனர், அவளருகே பெண்காவலர் ஒருத்தி நின்றாள். அலுவலர் பெயரைக் கேட்டார். ஒஸ்வால்ட் கண்களைத் தாழ்த்தி, மிகத் தாழ்ந்த குரலில், மெட்டோடு தன் பெயரைச் சொன்னான். அலுவலரின் புருவம் உயர்ந்தது, ஆனால் எழுதினார். தந்தையின் பெயரைக் கேட்டார். சிறிது தாமதித்து அதுவும் வந்தது. இமெல்டா நகங்கள் உள்ளங்கையிற் பதியக் கைகளை மூடி, நெஞ்சுக்குள் மறுமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பிறந்த ஊர்?”

எந்தச் சொல்லுக்காக அவனை அள்ளிச் சென்றார்களோ, அந்தச் சொல் அது. அவன் வாய் திறந்தது. ஒலி இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மேசை விளிம்பில் விழுந்தது. எழுதுகோல் தாளுக்கு மேலே காத்து நின்றது. அலுவலர் அதை மூடுவதற்காக மூடியைத் தேடினார். அதைக் கண்ட நொடியில் இமெல்டா தன்னை மறந்தாள், இடத்தை மறந்தாள், நான்கு நாள் பழகிய பழக்கம் அவள் வாயைப் பிடித்துத் திறக்க, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று அந்த அறை முழுவதும் கேட்கும்படி தமிழிலே பாடிவிட்டாள்.

எழுதுகோல் மேசையில் விழுந்தது. “யாருக்கு என்ன சொன்னாய்?” என்று அலுவலர் எழுந்தார். “இங்கேயே, என் கண்முன்னே, தமிழில் குறிப்புக் கொடுக்கிறாயா?” பிறந்தது முதல் பேசிய சிங்களம் அந்த வேளையில் இமெல்டாவின் நாவிலிருந்து ஓடிப்போயிற்று. “இவளை உள்ளே கொண்டுபோ” என்று அவர் கூற, பெண்காவலர் அவள் மேற்கையைப் பற்றினாள். உள்ளே என்பது எது என்று ஒஸ்வால்டுக்குத் தெரியும்.

“ஐயா, அவளை விடுங்கள்.”

சிங்களத்தில் வந்த அச்சொற்களில் மெட்டு இல்லை. கரகரத்து, இடையிடையே அறுந்து, நெடுநாள் திறவாத கதவுபோல் இழுபட்டு வந்தது அக்குரல். “அவள் குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை. அது எங்கள் கோயில் மன்றாட்டு. ஒருவர் சொன்னால் மற்றவர் அதைச் சொல்ல வேண்டும். அவள் அதைச் சொன்னால்தான் எனக்கு அடுத்த சொல் வரும். நான் பிறந்தது குருநகர். குருநகர், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதை என்னிடமே கேளுங்கள். அவளைத் தொட வேண்டாம்.”

அலுவலர் நின்றபடியே கேட்டார்: “இத்தனை நாளும் ஏன் பேசவில்லை?”

“கேட்கும்போதெல்லாம் அடித்தார்கள், ஐயா.”

பெண்காவலரின் பிடி தளர்ந்தது. அலுவலர் அமர்ந்து, பேரேட்டில் ஏதோ எழுதி, அதை ஒஸ்வால்டின் பக்கம் திருப்பி, கையெழுத்திடும் இடத்தைக் காட்டினார். “இனி மாதத்தில் ஒருமுறை வந்தால் போதும்” என்றார். அது இரக்கமோ, வெட்கமோ, வெளியே காத்திருந்த நீண்ட வரிசையை நினைத்த களைப்போ, நான் அறியேன். அறிந்ததாகச் சொன்னால் உமக்குப் பொய் சொன்னவனாவேன்.

இருவரும் தெருவுக்கு வந்தனர். இமெல்டா ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். ஒஸ்வால்ட் அவளிடம் ஏதோ சொல்ல விரும்பி வாய் திறந்தான். ஒன்றும் வரவில்லை. உள்ளே அத்தனை பேசிய வாய் மீண்டும் பூட்டிக்கொண்டது. எதிர்ப்புறத்து மணல்மூட்டையின் பின்னே நின்ற காவலன் இருவரையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினான். அச்சம் மேலிட, அவள் மன்றாட்டின் மெட்டை எடுக்க உதடு பிரித்தாள். அவன் இல்லை என்று தலையசைத்தான். பேருந்து ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிப் போயிற்று. கேட்கவும், பாடவும், சொல்லிக் கொடுக்கவும் துடித்த தன் வாயை அடக்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி அவள் சும்மா நின்றாள். அந்த நான்கு நாளில் அவள் செய்த வேலைகளிலெல்லாம் கடினமானது அதுதான்.

“ப... பசிக்குது, இமெல்டா” என்றான் அவன்.

வீடு திரும்பிய நாள் முதல் வைத்ததை உண்டு, வைக்காதபோது இருந்துவிட்ட மனிதன், தனக்கு ஒன்று வேண்டும் என்று அன்று சொன்னான். “வாங்கோ. வீட்ட போய் ரெண்டு பேரும் சாப்பிடுவம்” என்று அவள் அவன் கோணிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

போர் அதற்குப் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஒஸ்வால்டின் நா முழுதாக மீண்டதா என்று கேட்பீராயின், இல்லை என்பதே உண்மை. சில சொற்கள் பேச்சில் வந்தன, சில மெட்டில் வந்தன, சில மாலை வேளைகளில் அவள் துருத்தி அசைக்க அவன் விரல்களில் மட்டும் வந்தன, சில கடைசிவரை வரவேயில்லை. வராதவற்றை அவள் கேட்கவில்லை. அந்தப் போரிலே நா இழந்து வீடு திரும்பியவர்கள் பலர், அன்பரே. சொல் வரும்வரை பக்கத்தில் நின்று பொறுத்திருக்க ஒருவர் எல்லாருக்கும் வாய்க்கவில்லை.