ஹேவ்லாக்குக்கு ஐந்து டிக்கெட்

“டிக்கெட் போட்டாச்சு. பதினாலு ஆகாதுன்னா வேற எந்தத் தேதிதான் உனக்கு ஆகும்?”

“இருபத்தொண்ணுக்கு மேல எப்ப வேணா போகலாங்க.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

“வர்ஷினிக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல.”

“எல்.கே.ஜி.ல ஆறு நாள் லீவு போட்டா கலெக்டர் ஆகாமப் போயிருவாளா?”

“மழை வேற பெய்யும்ங்கறாங்க அங்க.”

“பெய்யட்டும். நனைஞ்சுக்கிட்டே படுத்துக் கிடப்போம்.”

சோபாவில் சாய்ந்திருந்த பெரியவர் பேப்பரை இறக்கினார். “கடல் பாக்குறதுக்கு எதுக்குடா ஏரோப்ளேன்? ராமேஸ்வரத்துல கெடக்குறதும் உப்புத் தண்ணிதான?”

“அது சாமி கும்பிடுற கடல்ப்பா. இது சும்மா படுத்துக் கிடக்குற கடல்.”

சாய்குமார் தன் அப்பா ராஜாராமுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பினான். போனை டிவியோடு இணைத்து, அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பச்சையும் நீலமுமான தண்ணீர், வெள்ளை மணல், இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கும் வலை ஊஞ்சல். மதுரை கோச்சடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் கை வைத்தால் சுட்டது. அவன் அம்மா லலிதாம்பாள் தரையில் உட்கார்ந்து, தீவுக்கு எடுத்துப் போகவேண்டிய பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு வயது ஸ்ரீவர்ஷினி புதுத் தொப்பியைக் கழற்றாமலேயே சோறு தின்று முடித்திருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரோகிணி மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. அவள் சாய்குமாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று என்று அவள் சொன்னபோது அந்த முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அவனுக்கு வலது காது மடலைத் தடவும் பழக்கம் உண்டு. தடவினான். ஆனால் அவன் தன் துணிக்கடையில் நைட்டி விலை சொல்லும்போதும் அதைத்தான் தடவுவான்.

பதினாறாம் தேதி அவள் சென்னையில் இருக்கவேண்டும். இந்த வீட்டில் அது தனக்கு மட்டும்தான் தெரியுமா, எல்லோருக்கும் தெரியுமா என்பதுதான் நேற்றிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

நேற்று சாயங்காலம் முத்துமீனா போன் பண்ணியிருந்தாள். அரசு வேலைக்கான தேர்வுக்கு இரண்டு பேரும் காளவாசலில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். “என்னடி, கவுன்சிலிங்குக்கு எந்த பஸ்ல போறே? நான் பதினஞ்சு ராத்திரி மாட்டுத்தாவணில ஏறுறேன். சேந்தே போவமா?” என்றாள். ரோகிணிக்கு ஒன்றும் புரியவில்லை. “உனக்கு மெசேஜ் வரலையா? எல்லாத்துக்கும் ரெண்டாந்தேதியே வந்துருச்சே. லிஸ்ட்ல உன் நம்பரு எனக்கு அஞ்சு வரி மேல இருக்குடி லூசு.” தேர்வாணையத்தின் இணையதளத்தில் பட்டியல் இருந்தது. ரோகிணி மூன்று தடவை விரலை வைத்துப் பார்த்தாள். அவளுடைய பதிவெண், பதினாறாம் தேதி, காலை பத்தரை மணி. கீழே ஒரே ஒரு வரி: வராதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது. இது மூன்றாவது முயற்சி. வயது வரம்பில் அவளுக்கு இதுவே கடைசி வருடமும்கூட.

சந்தோஷப்படுவதற்கு முன்பே அவளுக்கு அந்த நம்பர் ஞாபகம் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது சாய்குமாரின் நம்பர். கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, வர்ஷினியின் பள்ளிக்கூடம், அவளுடைய பேங்க் கணக்கு, எல்லாவற்றுக்கும் அவன் நம்பர்தான். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்தே அப்படித்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எந்தக் கவுண்டரில் நின்றாலும் “ஹஸ்பண்ட் நம்பர் சொல்லுங்க” என்பார்கள், அவளும் சொல்வாள். தன் நம்பரை விட அந்த நம்பர்தான் அவளுக்கு மனப்பாடம்.

இரண்டாம் தேதி புதன்கிழமை மெசேஜ் வந்திருக்கிறது. மூன்றாம் தேதி வியாழக்கிழமை, சாய்குமார் விளக்குத்தூண் பஜாரில் இருக்கும் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு வந்து, அந்தமான் போவோம் என்றான். எட்டு வருடத்தில் கொடைக்கானலுக்கு ஒரு தடவை, அதுவும் கொள்முதலுக்குப் போன வழியில் கூட்டிப்போனவன். தீபாவளிச் சரக்கு எடுக்கிற நேரத்தில் ஒரு பேச்சுக்குக்கூட ஊரை விட்டு நகராதவன். ஐந்து டிக்கெட்டையும் அன்றைக்கே போட்டுவிட்டான். பணம் திரும்பி வராதாம், தேதி மாற்ற முடியாதாம். பதினாலு போய் பத்தொன்பது வருவது. “அங்க டவரே கிடைக்காது, அதாண்டி சுகமே” என்று அவன் சொன்னபோது அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள். இப்போது அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீவு என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மயக்கம். செக்கானூரணிக்குத் தெற்கே, மழை பெய்தால் அவர்கள் வீட்டைச் சுற்றிச் சோளக்காட்டில் தண்ணீர் நிற்கும். வாசலில் நின்றுகொண்டு இது என் தீவு, யாரும் வரமுடியாது என்று தன் அண்ணன் அசோக்குமாரை விரட்டுவாள். யாரும் வரமுடியாது என்றால் யாரும் போகவும் முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

சாப்பிட்டுவிட்டு சாய்குமார் தூங்கினான். போன் தலைமாட்டில் இருந்தது. அதைத் திறக்கும் எண் வர்ஷினியின் பிறந்த நாள், அவன் எப்போதும் ஒளித்ததில்லை. ரோகிணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெசேஜ்களைக் கீழே தள்ளினாள். அவன் எதையும் அழிக்காதவன். மூன்று வருடத்துக்கு முந்தைய தள்ளுபடி விளம்பரம்கூட இருந்தது. இரண்டாம் தேதி பேங்கிலிருந்து நாலு, கூரியர்காரன் ஒன்று, பல் ஆஸ்பத்திரி ஒன்று, ரீசார்ஜ் ஒன்று. தேர்வு சம்பந்தமாக எதுவும் இல்லை. வரவே இல்லையோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. பிறகு, வந்ததை மட்டும் தேடி அழித்திருந்தால் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. இல்லாத ஒன்றை எவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது?

இன்னொரு வேலையும் இருந்தது. அழைப்புக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு போகவேண்டும், அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று முத்துமீனா சொல்லியிருந்தாள். தளத்துக்குள் நுழைந்தால் பதிவு செய்த நம்பருக்கு ஆறு இலக்கம் வரும், அதைப் போட்டால்தான் கடிதம் திறக்கும். அந்தப் போன் இப்போது அவள் கையிலேயே இருந்தது. இரண்டு நிமிட வேலை. விரல் போய்விட்டுத் திரும்பியது. அவன் தூக்கத்தில் புரண்டு அவள் பக்கமாகக் கையைப் போட்டான். அவனுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டால் கடிதம் கிடைத்துவிடும். ஆனால் அவன் அழித்தானா இல்லையா என்பது சாகும்வரைக்கும் தெரியாது. இருந்த இடத்திலேயே போனை வைத்தாள்.

நாலு மணிக்குக் காப்பி கலக்கும்போது அடுப்படியில் அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு. ரோகிணியிடம் மட்டும் தமிழ். அவள் இருக்கும்போது தாழ்ந்த குரலில் பேசவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை, பாஷையை மாற்றினால் போதும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, எட்டு வருடப் பழக்கம். ஆனால் வர்ஷினி பேசப் பழகியபோது கூடவே ரோகிணிக்கும் அந்தப் பாஷை காதில் திறந்துகொண்டது. பேச வராது, கேட்டால் விளங்கும். முதலில் கூச்சத்தால் சொல்லவில்லை. அப்புறம், சொல்லாமல் இருப்பதில் ஒரு வசதி தெரிந்தது.

அவளிடம் சொல்லிவிட்டாயா என்று லலிதாம்பாள் கேட்டது கூடத்தில் இருந்த ரோகிணியின் காதில் விழுந்தது. இல்லை என்றான் அவன். இங்கே சொன்னால் அழுவாள், அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அதுவும் சரிதான், என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தை மிக்ஸி சத்தத்தில் போய்விட்டது.

ரோகிணி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றதும் தமிழ் திரும்பி வந்தது. “வாம்மா. கொசுவுக்கு என்னமோ வாங்கணுமாம்ல, அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற வர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். “இல்லம்மா. அங்க போனாத்தான் உன்கிட்டச் சொல்லணுமாம். இங்கனன்னா நீ அழுவியாம்.”

“ஏய் வாயாடி!” லலிதாம்பாள் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. “கப்பல்ல போகணும்ல, தலை சுத்தும்னு நீ பயந்துருவியாம். அதச் சொல்றான்.”

“நான் எதுக்கு அத்தை அழப் போறேன்?” என்று கேட்டுவிட்டு ரோகிணி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது இந்த மாமியாரை நினைத்துத்தான். போன வருடம் பரீட்சை அன்றைக்கு அவனியாபுரத்தில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றவள் இவள். வெளியே வந்ததும் மோர் பாட்டிலை நீட்டி, “அம்புட்டும் எழுதிட்டியா?” என்று கேட்டவள். பாசாங்கில்லை. ஆனால் எழுதுவது வேறு, பாஸ் பண்ணுவது வேறு என்று இப்போது பட்டது. எழுதுகிற மருமகள் இதே வீட்டில்தான் இருப்பாள். பாஸ் பண்ணியவளுக்கு அவளுடைய ரேங்கில் திருவள்ளூரிலோ தர்மபுரியிலோதான் வேலை கிடைக்கும். பிள்ளை யாரோடு இருக்கும், மகன் யார் கையால் சாப்பிடுவான் என்பதெல்லாம் இவர்கள் மூன்று பேரும் கூடிப் பேசியிருக்கக்கூடும், அவளும் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதே. அல்லது எதுவுமே பேசவில்லையோ. இங்கே சொன்னால் அழுவாள் என்பது வேறு எதைப் பற்றியாவது இருக்குமோ. கடையில் ஏதாவது, உடம்பில் ஏதாவது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாமே பொருந்தியது, அதுதான் பயமாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு ரோகிணியைத் தவிர மறுபடியும் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். டிவியில் இப்போது வீடியோ. கண்ணாடி அடித்தளம் போட்ட படகுக்குக் கீழே பவளப்பாறைகள், அவற்றின் நடுவில் வரிவரியாக மீன்கள். “இதெல்லாம் கடிக்குமாடா?” என்றார் ராஜாராம். “உங்களயக் கடிச்சா அதுக்குத்தாம்ப்பா பல்லு போகும்.” வர்ஷினி டிவிக்கு மேலேயே விழுந்துகொண்டிருந்தாள்.

ரோகிணி படுக்கையறையில் தன் போனில் தளத்தைத் திறந்து பதிவெண்ணைப் போட்டாள். பிறந்த தேதியைப் போட்டாள். அனுப்பு என்பதைத் தொட்டுவிட்டு எழுந்து கூடத்துக்கு வந்தாள். சாய்குமாரின் சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கை காதுக்குப் போகவில்லை.

“என்னங்க,” என்றாள் அவள். “உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்துருக்கும். என் பரீட்சை ஆபீஸ்ல இருந்து. ஆறு நம்பர் இருக்கும் பாருங்க.”

லலிதாம்பாள் அவனைப் பார்த்து வீட்டுப் பாஷையில் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ரோகிணியின் முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாக, தாங்கள் பேசுவது இவளுக்குப் புரியுமோ என்று யோசிப்பவளைப் போல, வாயை மூடிக்கொண்டாள்.

ரோகிணியின் உள்ளங்கையில் இருந்த போனில் எழுபது நொடி என்று காட்டிய எண் அறுபத்தொன்பது ஆனது. டிவியில் ஒரு மஞ்சள் மீன் கண்ணாடிக்கு வெகு அருகில் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“நேரம் ஓடுது. ஒவ்வொண்ணா வாசிங்க,” என்றாள். “நான் போட்டுக்கிறேன்.”